யாருக்குப் புண்ணியம்?

பௌத்தத் துறவிகளின் விதிநூலான விநய பிடகத்தின் மகாவக்கப் பகுதியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. வயிற்றுப்போக்கு கண்ட பிக்கு ஒருவர் தன் கழிவிலேயே கிடக்கிறார். சீடர் ஆனந்தர் தண்ணீர் கொண்டுவர, புத்தரும் அவருமாக அந்தப் பிக்குவைக் கழுவித் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு, ஏன் ஒருவரும் இவரைக் கவனிக்கவில்லை என்று புத்தர் கேட்கிறார். இவர் எங்களுக்கு எதுவும் செய்ததில்லை, ஆகவே நாங்களும் செய்யவில்லை என்கிறார்கள் மற்ற பிக்குகள்.

அதன்பின் புத்தர் செய்ததுதான் முக்கியமானது. இரக்கமுள்ள ஒருவரைத் தேடிப்பிடித்து நோயாளியை அவரிடம் ஒப்படைக்கவில்லை. ஆசிரியர் இருந்தால் ஆசிரியர், மாணவர் இருந்தால் மாணவர், யாருமே இல்லையென்றால் பிக்குகளின் சங்கம் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் குற்றம் என்று விதி வகுத்தார். நோயாளி அதுவரை யாருக்கு என்ன செய்தார் என்ற கணக்கு அங்கே செல்லாது. அதே பகுதி பணிவிடை செய்பவரின் மனதையும் விடவில்லை: ஆதாயத்துக்காக அல்லாமல் அன்பால் செய்பவரே தகுதியானவர் என்கிறது.

விதியும் மனமும் ஒன்றாகவே அமைய வேண்டுமா? சுயலாபம் கலந்த மனதோடு ஒருவர் நோயாளியின் புண்ணைக் கழுவினால் அது சேவையாகுமா? மதங்கள் பலவும் இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. கீதை பலனை எதிர்பாராத செயலைச் சொல்கிறது. இஸ்லாம் செயலை அதன் நிய்யத்தால், அதாவது உள்நோக்கத்தால், எடைபோடுகிறது. தத்துவஞானி கான்ட்டும் கடமைக்காகவே செய்யும் செயலுக்குத்தான் அறமதிப்பு தந்தார்.

வடகேரளத்தில் இந்தக் கேள்வி வீடுவீடாக நடந்து பார்த்தது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு வலிதணிப்புச் சிகிச்சைக்கான அமைப்பைத் தொடங்கினார்கள். முற்றிய புற்றுநோயோடு வருபவர்களுக்குக் குணம் தர முடியாது, வலியைத் தணிக்க முடியும். அதற்கு வேண்டிய மார்ஃபினையோ, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகளுக்கே எட்டாதபடி வைத்திருந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. யாருக்கு மிகவும் தேவையோ அவரால் மருத்துவமனைக்கு வரவே முடியவில்லை. வலிக்கு மருந்து கிடைத்த வீட்டில் அரிசி இல்லை, பிள்ளையின் படிப்பு நின்றிருந்தது. இவை எதுவும் மருந்துச்சீட்டில் எழுதக்கூடியவை அல்ல.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மலப்புரம் மாவட்டத்தை மையமாகக் கொண்டு, அக்கம்பக்கத்தாரே நடத்தும் குழுக்கள் உருவாயின. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது தர முடிந்தவர்களுக்குப் பதினாறு மணி நேர வகுப்பு, பிறகு அனுபவமுள்ளவர்களோடு நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. மருத்துவரும் செவிலியரும் பின்துணையாக நின்றார்கள். யார் வீட்டில் என்ன தேவை என்று கண்டுபிடித்ததும் பணம் திரட்டியதும் ஊர்க்காரர்கள். செலவின் பெரும்பங்கு கடை உண்டியல்களிலும் சிறு நன்கொடைகளிலுமிருந்து வந்தது.

அப்படிச் சேர்ந்தவர்களின் நோக்கங்கள் ஒன்றாக இருந்திருக்க முடியாது. மறுமையை எண்ணியவர் இருப்பார், கட்சியில் பழகிய பொதுப்பணியைத் தொடர்ந்தவர் இருப்பார், தாயை வலியில் பறிகொடுத்தவர் இருப்பார், ஊரில் நல்ல பெயர் வேண்டியவரும் இருப்பார். இத்தனை பேரையும் ஒரே கொள்கைக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும் என்றிருந்தால் வேலை தொடங்கியிருக்காது. உள்நோக்கத்தைத் துருவாமல் நடத்தையை மட்டும் ஒழுங்குபடுத்தியதுதான் இந்த ஏற்பாடு நிலைத்ததற்கு முதற்காரணம் என்று தோன்றுகிறது. படுக்கையில் கிடப்பவருக்கு வருகிறவரின் நிய்யத் தெரியப்போவதில்லை. அடுத்த வாரமும் வருவாரா என்பது தெரிந்தாக வேண்டும்.

ஆனாலும் ஓர் இடத்தில் நோக்கம் நோயாளியைத் தொட்டுவிடுகிறது. நன்றியை எதிர்பார்த்து வருபவர் நோயாளியைக் கடனாளியாக்குகிறார். வலியோடு கிடப்பவர் வந்தவருக்காகப் புன்னகைக்க வேண்டியிருக்கிறது. இது சிறிய கொடுமையல்ல. இதற்கு மருந்து இந்த ஊர்க்குழுக்களின் அமைப்பிலேயே இருக்கிறது. பணம் ஊருடையது, முடிவு குழுவினுடையது, இன்று ஒருவர் வந்தால் நாளை வேறொருவர் வருவார். கொடுத்தவர் இன்னார் என்று சுட்ட முடியாதபோது நன்றிக்கடனும் கரைகிறது. ஒற்றைப் புரவலரை நம்பும் அமைப்புகள் அவரோடு முடிந்துபோவது பணம் நின்றுவிடுவதால் மட்டுமல்ல, ஊரார் அவற்றைத் தங்களுடையவையாக ஒருபோதும் எண்ணாததாலும்தான்.

2008-இல் கேரள அரசு வலிதணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. உள்ளாட்சிகள் செவிலியர்களை அமர்த்தி வீட்டுப் பராமரிப்பை நடத்தத் தொடங்கின. நோயாளியின் உரிமை உண்டியலை நம்பி நிற்கக் கூடாது, ஆகவே அரசு வந்தது சரியே. அரசு வந்துவிட்டது என்று ஊர் ஒதுங்கிக்கொண்டால் அது சரியல்ல. செவிலியர் ஒரு நாளில் எத்தனை வீட்டுப்படி ஏற முடியும்? ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

இரண்டு வருகைகளுக்கு நடுவே எல்லாவற்றையும் சுமப்பது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். புண்ணைக் கழுவுவதும், படுக்கை விரிப்பை மாற்றுவதும், இரவில் விழித்திருப்பதும் அவள்தான். மனைவி, மகள், மருமகள் என்ற உறவே அவளுக்கு விதியாகிவிட்டது. அவளை யாரும் தன்னார்வலர் என்று அழைப்பதில்லை, அவளுக்குப் பயிற்சி வகுப்பும் மாற்று ஆளும் அரிதாகவே வாய்க்கின்றன. ஊர் என்னும் சங்கம் ஏற்க வேண்டிய பங்கையும் சேர்த்து அவள் சுமக்கிறாள். இனி வாரம் இரண்டு மணி நேரம் தர முன்வருபவர்கள் அதில் ஒரு பகுதியை அவள் தூங்குவதற்கென்றே ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் நோயாளியின் அருகே யார் உட்காருவது என்பதையும் குழுதான் முறைவைத்து முடிவுசெய்ய வேண்டும்.