ஈகையா, ஒப்புரவா?

அறம் என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் கண்ட பொருள் மிக விரிந்தது. இல்லார்க்கு ஈவதும் அறம். முறை வழங்குவதும் அறம். இவ்விரண்டும் பல வேளைகளில் சேர்ந்தே நடப்பதால் இரண்டும் ஒன்றே என நாம் எண்ணிவிடுகிறோம். வள்ளுவப் பெருந்தகை அவ்வாறு எண்ணினாரல்லர். ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் பிரித்தே வைத்தார். ஒப்புரவு என்னும் சொல்லுக்குள்ளேயே 'ஒப்பு' இருக்கிறது. ஈகையில் கொடுப்பவர் மேலே நிற்கிறார். பெறுபவர் கீழே நிற்கிறார். ஒப்புரவில் இருவரும் ஒரே தரையில் நிற்கின்றனர். மனித உரிமைப் பணியில் தொண்டராக ஈடுபட விழைவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா இதுவே: நான் செய்யப் புகுவது ஈகையா, ஒப்புரவா?

அலுவலகக் கோப்புகளோடு பழகிய என் போன்றார்க்கு இவ்வினா புதியதன்று. மத்திய அரசு ஊழியர்க்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளுள் 15-ஆம் விதி, ஊதியமின்றிச் செய்யும் சமூகப் பணியையும் அறக்கொடைப் பணியையும் முன் அனுமதி பெறாமலே மேற்கொள்ளலாம் என்கிறது; அலுவற் கடமை குன்றலாகாது என்பது நிபந்தனை. நல்ல விதிதான். ஆயினும், ஒருவர் தம் உரிமையைப் பெறத் துணை நிற்பதை 'அறக்கொடை' எனக் கொள்ளல் தகுமோ? முதியவர் ஒருவரின் ஓய்வூதியக் கோப்பை முடித்துக் கொடுக்கும் எழுத்தர், "நான் கொடுத்தேன்" என்று பெருமை கொள்ளலாமா? அப்பணம் முதியவருடையது, நம் கை வழியே செல்கிறது, அவ்வளவே. உரிமையும் அத்தகையதே.

நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி தேசிய மனித உரிமை ஆணையம் அவ்வாண்டு அக்டோபர் 12-ஆம் நாள் அமைக்கப்பெற்றது. ஆணையம் விசாரிக்கும், அரசுக்குப் பரிந்துரைக்கும். ஆனால் தலைநகரில் எழுதப்பட்ட உரிமை ஓர் ஏழையின் வீட்டு வாயிலை அடைவதற்கு இடையில் மனிதர்கள் வேண்டும். வட்டாரக் குழுக்களின் தேவை அங்கேதான் பிறக்கிறது.

அத்தகைய குழு ஒன்றை நோக்குவோம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோர் நலனுக்காக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் வட்டார அளவிலான குழுக்களை அமைக்க வழி செய்கிறது. அக்குழுவில் மூன்று இருக்கைகள் உண்டு. ஒன்று மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்கு. மற்றொன்று பதிவு பெற்ற தொண்டமைப்பின் பிரதிநிதிக்கு. மூன்றாவது மாற்றுத் திறனாளி ஒருவர்க்கே. தேவைப்படுவோர்க்குப் பாதுகாவலரை நியமிப்பது இக்குழுவின் பணி.

முப்பது வயது நிரம்பிய ஒருவர்க்குத் தம்மைப் பாதுகாவலராக நியமிக்குமாறு அவர் தமையனார் விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். தம்பியும் அருகே அமர்ந்திருக்கிறார். எல்லா வினாக்களும் தமையனாரை நோக்கியே செல்கின்றன. "பாவம், அண்ணன் நல்லவராகத் தெரிகிறார், கையெழுத்திட்டு விடுவோம்" என்கிறது ஈகை மனம். அம்மனத்தில் தீமை ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்தில் ஒரு மனிதர் எங்கே வாழ்வார், அவர் பங்குச் சொத்து யார் கையில் இருக்கும் என்பன அடங்கியுள்ளன. ஒப்புரவு மனமோ தம்பியின் பக்கம் திரும்புகிறது. எளிய சொற்களால் அவரைக் கேட்கிறது. விடை வரும்வரை காத்திருக்கிறது. பாதுகாவலர் தேவைதானா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்று குழு ஆராய வேண்டும் எனச் சட்டமே பணிக்கிறது. நியமனம் பெற்றவர் ஆண்டுதோறும் கணக்குக் காட்டவும் வேண்டும். தம் பொருளை ஈந்தவரை எவரும் கணக்குக் கேட்பதில்லை. பிறர் பொருளைக் காப்பவர்க்குக் கணக்கு உண்டு. இவ்வொரு வேறுபாடே நம் வினாவுக்குப் பாதி விடை தந்துவிடுகிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. அது கூறும் வரையறுக்கப்பட்ட பாதுகாவல் என்பது இருவரும் கலந்து எடுக்கும் முடிவு. குறித்த காலத்துக்கும் குறித்த செயலுக்கும் மட்டுமே உரியது. மாற்றுத் திறனாளியின் விருப்பத்தை ஒட்டி நடப்பது.

"கருணை இல்லையேல் சட்டம் வறண்ட காகிதமன்றோ?" என வினவுவோர் உளர். அவ்வினாவில் உண்மை உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வைத் துறந்து ஒருவரைக் குழுவின் வாயில்வரை அழைத்து வருவது கருணையே. ஆனால் உள்ளே நுழைந்தபின் கருணை சற்று ஒதுங்கி நிற்றல் வேண்டும். அங்கே அது தானே பேசத் தொடங்கினால், யாருக்காக வந்ததோ அவர் வாய் மூடிப்போகும். மூன்றாவது இருக்கையில் அமர்ந்தவரும் விருந்தினர் அல்லர்; மற்ற இருவரையும் போலவே தீர்ப்புக்குப் பொறுப்புடையவர். அவரைப் பாராட்டி மாலையிட்டுவிட்டு அவர் கருத்தைக் கேளாதிருப்பது, இருக்கையைக் கொடுத்து உரிமையைப் பறிப்பதாகும்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. மொழிச் சிறுபான்மையினர்க்கெனத் தனி அலுவலரை நியமிக்க வகை செய்யும் 350-பி என்னும் பிரிவு 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. நம் பிள்ளைகள் தமிழ் கற்கும் வாய்ப்பை நாம் எவரிடமும் பிச்சையாகக் கேட்பதில்லை, உரிமையாகவே கேட்கிறோம். நாம் உரிமையாகக் கேட்பதைப் பிறர்க்கு மட்டும் கொடையாக வழங்குவது முறையாகுமா?

தொண்டினை நம் வாயிலிலேயே தொடங்கலாம். சங்க மேடைக்கு ஏறப் படிகள் மட்டுமே இருக்குமாயின், சக்கர நாற்காலியில் வரும் அன்பரை நால்வர் தூக்கிச் செல்வது ஈகை; சாய்தளம் அமைப்பது ஒப்புரவு. முன்னதற்குக் கைதட்டல் கிடைக்கும். பின்னதற்கு எவரும் நன்றி கூறமாட்டார். கூற வேண்டிய தேவையும் அவர்க்கு இராது. உரிமைப் பணியில் இறங்கும் அன்பர்கள் அந்த நன்றியற்ற பணியையே விரும்பி ஏற்பார்களாக.