கதவின் முறையீடு

களம்பூர்த் தெருக்களில் வைகறையிலேயே தறியோசை எழும். மிதி அழுந்தும் ஒலியும், தறியின்மேல் ஜக்கார்டு பெட்டி ஏறியிறங்கும் ஒலியும் இணைந்து வரும். அதனை எவரும் குறை கூறுவதில்லை. அது அடுப்பு எரியும் என்பதற்கு அடையாளம். குறை கூறப்பட்டதெல்லாம் நான் தங்கியிருந்த இல்லத்து வண்டிக் கொட்டகையின் ஓசையைத்தான். கிளைக் கிராமத்தில் திருப்பலி நிறைவேற்றப் புறப்படும்போது அதன் இரும்பு ஷட்டரை மேலே தள்ளினால், தெருவே விழித்துக்கொள்ளும்.

ஒரு நாள், வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஷட்டரின் இருபுறத் தடங்களிலும் தாராளமாக ஊற்றினேன். பத்து நாள்கள் ஓசையே இல்லை. அயலார் மகிழ்ந்தனர்; நானும் மகிழ்ந்தேன். பின்னர் முன்னிலும் கடுமையாக அலறத் தொடங்கியது. பழுது பார்க்க வந்த இளைஞர் தடத்தில் விரலை விட்டுக் கருஞ்சேற்றை எடுத்துக் காட்டினார். தடத்தைத் துடைக்க வேண்டுமேயன்றி எண்ணெய் ஊற்றலாகாது; ஊற்றினால் புழுதி ஒட்டிக்கொள்ளும் என்றார். பிறகு ஏணியில் ஏறிப் பார்த்தார். ஷட்டர் சுருளும் உருளையைத் தாங்கிய போல்ட்டுகள் தளர்ந்து, உருளை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. “கத்தினதாலதான் தப்பிச்சீங்க, சாமி. இல்லேன்னா ஒருநாள் தலைமேலேயே இறங்கியிருக்கும்” என்றார்.

உராயும் இரு பரப்புகள் பற்றிக்கொண்டும் நழுவியும் மாறி மாறி நகர்வதால் எழும் அதிர்வே கிறீச்சொலி. எண்ணெய் அந்தப் பற்றுதலைக் குறைக்கும். ஆனால் சாய்ந்ததை நிமிர்த்த எண்ணெயால் ஆகாது.

அன்றிரவு எனக்கு ஒரு நெசவாளரின் நினைவு வந்தது. சேலையில் பழுது என்று சொல்லி இரண்டு முறை அவருடைய கூலியைப் பிடித்துவிட்டார்கள். குறை தம் கையில் இல்லை, தமக்குக் கொடுத்த இழையில்தான் என்பது அவரது வாதம். என்னிடம் வந்து உரத்த குரலில் முறையிட்டார். அவர் கேட்டது ஒன்றே: “ஒரு தடவை என்கூட வந்து பேசுங்க, சாமி.” கூலி கொடுப்பவரோ நம் திருவிழாவுக்குத் தாராளமாக உதவுகிறவர். நான் போகவில்லை. பொறுமையைப் பற்றி இனிமையாகப் பேசினேன், செபிப்பதாகச் சொன்னேன். அவர் அடங்கினார், மறுபடி வரவில்லை. மனம் அமைதியடைந்துவிட்டார் என்றே எண்ணினேன். சில மாதங்களுக்குப் பின்னர், தறியைப் பிரித்து விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கூலி வேலை தேடிப் போய்விட்டார் எனக் கேள்வியுற்றேன்.

ஓசை அடங்குவதுதான் அமைதியா? ஒருவன் தீங்குக்கு அஞ்சி மற்றவனோடு இசைந்துபோனால், அந்த இசைவு உண்மையான அமைதி ஆகாது என்பது புனித அக்குவினாஸ் தோமாவின் தெளிவு. வறுமையினாலோ, அதைவிடப் பெரிய தீமைக்கு அஞ்சியோ தொழிலாளி குறைந்த கூலிக்கு உடன்பட்டால், அவன் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளாகிறான் என்று 1891இல் ‘ரேரும் நோவாரும்’ மடலில் திருத்தந்தை 13ஆம் லியோ கற்பித்தார். இவற்றைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான்.

எல்லா ஓசையும் அநீதியின் குரல் என்று சொல்லவில்லை. வறண்ட கீலுக்கு இரு துளி எண்ணெயே போதும். குடும்பப் பிணக்குகள் பலவும் ஓர் இன்சொல்லில் தீர்ந்துவிடும். எது வறட்சி, எது சாய்வு என்று அறிவது எப்படி? முதலில் ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும். அடுத்து, இந்த மௌனத்தால் யாருடைய உறக்கம் காக்கப்படுகிறது என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். என் இன்சொல் காத்தது அந்த நெசவாளரின் உறக்கத்தை அன்று, என்னுடையதை.

எண்ணெய் நம் திருச்சபையில் புனிதமானது. புனித வாரத்தில் ஆயர் மந்திரிக்கும் எண்ணெயைக் கொண்டே நோயாளரைப் பூசுகிறோம். ஆயினும் லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியர், காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்ததோடு தம் வழியே போய்விடவில்லை. காயம்பட்டவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றினார், சாவடியில் பேணினார், இரண்டு தெனாரியம் கொடுத்தார், மேலும் செலவானால் திரும்பி வந்து தருவதாகவும் வாக்களித்தார். அவருடைய எண்ணெய் ஒரு தொடக்கமாய் இருந்தது. நானோ எண்ணெயோடு நிறுத்திக்கொண்டேன்.

போல்ட்டுகளை முடுக்கி, தடத்தைத் துடைத்து, பேரிங்கில் சிறிது கிரீஸ் இட்ட பிறகு ஷட்டர் எளிதாக ஏறிற்று. இரும்புக்குரிய சிற்றொலி மட்டும் எஞ்சியிருந்தது. அதனை நான் அடக்க முயலவில்லை. நாளும் வைகறையில் அதைக் கேட்கும்போது, ‘ஆண்டவரே, இன்று என்னிடம் உரத்துப் பேச வருபவரோடு எழுந்து போகும் துணிவைத் தாரும்’ என்று மன்றாடிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.