கழுவிய பின்னும் கொடையே

இறந்தோர் கொடுத்துச் சென்ற தோலைக் கழுவி, அதன் உயிரணுக்களை அகற்றிப் பயன்படுத்தும் முறை மருத்துவத்தில் நிலைபெற்றுள்ளது. எஞ்சுவது கொலாஜன் முதலிய புரதங்களாலான வலைப்பின்னல். அவ்வுயிரணுக்களே சுரந்து நெய்த இல்லம். தீப்புண்ணில் அதைப் பதித்தால், நோயாளியின் சொந்த உயிரணுக்கள் வந்து குடியேறுகின்றன. 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் ஒரு படி மேலே சென்று, இவ்வாறு கழுவிய எலி இதயத்தில் பிறந்த குட்டிகளின் இதய உயிரணுக்களைச் செலுத்தினர். நான்காம் நாள் அது துடிக்கலாயிற்று.

இங்கே நம்முன் ஒரு கேள்வி எழுகிறது. கொடுத்தவரின் உயிரணுக்களை அகற்றிய பின், அது இன்னும் அவருடைய கொடையா? அன்றி, பெட்டியிலிட்டு விற்கும் சரக்கா?

பன்றிக் குடலிலிருந்தும் இத்தகைய வலையைப் பிரித்தெடுக்கின்றனர். புரதத்தைப் பார்த்தால் இரண்டும் பெரிதும் ஒத்தவையே. ஆயினும் பன்றியிடமிருந்து நாம் எடுத்தோம், மனிதரோ கொடுத்தார். இவ்வேறுபாட்டை எந்த நுண்ணோக்கியும் காட்டாது.

பெறுபவரின் உடல் அயலாரென்று ஒதுக்காதிருக்கவே உயிரணுக்களை நீக்குகிறோம். உடல் அவரை அறியாதிருப்பது நலமே. உள்ளமும் அறியாதிருப்பது நன்றிகேடு. பக்குவப்படுத்தும் உழைப்புக்கு ஊதியம் முறையே. கொடைக்கு விலை முறையன்று. மனித உறுப்புகளை வணிகமாக்குவது அறத்துக்கு ஒவ்வாது என்று, 2000-ஆம் ஆண்டு உரோமையில் கூடிய மருத்துவ அறிஞரிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கூறினார். உறுப்புக்கு உரைத்தது அதன் இழைக்கும் பொருந்தும் என்பதே நம் துணிபு.

ஆகவே, துயருற்ற குடும்பத்தாரிடம் இசைவு கேட்போர் உண்மையை முழுதும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்: இத்தோல் கழுவப்படும், ஒரு நிறுவனத்தின் கைக்குப் போகலாம், விலையும் குறிக்கப்படலாம். அறிந்து கொடுத்ததே கொடை. அறியாது இழந்தது கொடையன்று.