உடலின் உரிமையும் ஊரின் கடமையும்

நீரிழிவு நோயாளி ஒருவர் தம் நோயைப் பேணாது விட்டு, காலையோ கண்ணொளியையோ இழந்துவிட்டால், குற்றம் யாருடையது? "சொன்னதைக் கேட்கவில்லை, அனுபவிக்கிறார்" என்று நாம் எளிதில் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். அத்தீர்ப்பு நீதியானதா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

பிற நோய்கள் பலவற்றில் மருத்துவர் சிகிச்சை செய்கிறார். நோயாளி அதனை ஏற்றுக்கொள்கிறார். நீரிழிவு அத்தகையதன்று. மருத்துவர் உடனிருப்பது மாதத்தில் சில நிமிடங்களே. எதை உண்பது, எப்போது உண்பது, மருந்தை எந்த வேளையில் எடுப்பது என்பனவற்றையெல்லாம் நாள்தோறும் முடிவு செய்பவர் நோயாளியே. இதை உணர்ந்த பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜாஸ்லின், மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்துவதற்கென்றே 1918இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். 1921இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்ட பின்னர் அந்தக் கல்வியின் தேவை குறையவில்லை; பெருகவே செய்தது. மருந்தின் அளவும் உணவின் வேளையும் பொருந்தாவிடில் மருந்தே ஆபத்தாகிவிடுமன்றோ?

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த பாடம். உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஆகவே தம் நோயைப் பற்றிக் கற்பது ஒவ்வொரு நோயாளியின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் கடமை அவரோடு முடிந்துவிடுகிறதா?

கோட்டைக்குப்பத்தை எண்ணிப் பாருங்கள். டச்சுக்காரர் 1613இல் கோட்டை எழுப்பிய பழவேற்காட்டின் மீனவ ஊர்களுள் ஒன்று அது. அங்கே ஒருவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருளில் படகேறுகிறார் என வைத்துக்கொள்வோம். வலையில் மீன் விழும் நேரத்தை யார் அறிவார்? உணவு தாமதமாகிறது, ஏரி நடுவே உடல் வியர்த்து, கை நடுங்கி, கண் இருள்கிறது. மறுநாள் முதல், தொழிலுக்குப் போகும் நாளில் மாத்திரை வேண்டாம் என்று அவரே முடிவு செய்துகொள்கிறார். இது கீழ்ப்படியாமையா? அந்த மயக்கம் சர்க்கரை குறைந்ததால் வந்தது என்பதையும், மடியில் சிறிது வெல்லமோ சர்க்கரையோ வைத்திருக்க வேண்டும் என்பதையும், தொழிலின் நேரத்தைச் சொன்னால் மருத்துவர் மருந்தை மாற்றித் தரக்கூடும் என்பதையும் அவருக்கு எடுத்துரைத்தவர் யார்? உணர்விழந்த பாதத்தைச் சிப்பியோடு கிழித்தால் வலி தெரியாது. ஆதலால் கரையேறியதும் காலைப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் யார்?

கப்பலில் பயணம் செய்வோரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமையை நாம் அறிவோம். கீழ்த்தட்டில் இருந்தோர் தண்ணீருக்காக மேலே சென்றுவர வேண்டியிருந்தது. மேலே இருப்போர்க்குத் தொல்லை கொடுப்பானேன் என்றெண்ணி, தம் பகுதியில் ஒரு துளையிட்டுக்கொள்ள நினைத்தனர். அவர்களைத் தடுக்காவிடில் எல்லோரும் மூழ்குவர் என்பதே உவமையின் படிப்பினை. ஆனால் அத்துளையை எண்ணச் செய்தது தீய நோக்கமன்று. பிறர்க்குத் தொல்லை தரக்கூடாது என்ற கூச்சமே என்பதை நாம் கவனிப்பதில்லை.

நம் நோயாளிகளும் அக்கூச்சத்தால்தான் துளையிடுகின்றனர். மருத்துவரிடம் இரண்டாம் முறை கேட்கத் தயங்குகின்றனர். பனையோலை முடைந்து குடும்பம் காக்கும் தாய், தனக்கென்று வேறு சமையல் வேண்டும் எனச் சொல்ல நாணுகிறாள். துளையிடாதே என்று தடுத்தால் மட்டும் போதாது. தண்ணீரைக் கீழே கொண்டுசேர்க்கவும் வேண்டும்.

இது வெறும் ஆசையன்று. செங்கற்பட்டுப் பக்கம் சூனாம்பேட்டைச் சுற்றிய 42 சிற்றூர்களில், டாக்டர் வி. மோகன் குழுவினர் 2006இல் ஒரு பணியைத் தொடங்கினர். பரிசோதனைக் கருவிகளோடு ஊர்தியொன்று சிற்றூர்களுக்குச் சென்றது. உள்ளூர் மக்களே பயிற்சி பெற்று உதவினர். நோயாளிகளின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு ஓராண்டில் 9.3 விழுக்காட்டிலிருந்து 8.5ஆகக் குறைந்தது. அடைய வேண்டிய இலக்கு இன்னும் கீழே இருந்ததெனினும், தண்ணீர் கீழ்த்தட்டுக்கு வந்து சேரும் என்பதற்கு அது சான்று. மருந்தை இல்லத்திற்கே கொண்டுசெல்லும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியதும் அவ்வழியில் ஒரு படியே. மருந்து வாசலுக்கு வந்தாலும், அதை அறிந்து உண்ணத் துணைநிற்க வேண்டியவர்கள் வீட்டாரும் ஊராருமே.

ரமலானில் இக்கடமை மேலும் கூர்மையடைகிறது. நோயாளிக்குத் திருமறையே (2:184, 185) சலுகை வழங்கியுள்ளது. ஆயினும் ஊரார் பேச்சுக்கு அஞ்சி நோன்பு பிடிப்போர் உளர். சர்க்கரை 70க்குக் கீழிறங்கினாலோ 300க்கு மேலேறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்கின்றனர் மருத்துவர். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்கின்றனர் மார்க்க அறிஞர். இவ்விரண்டையும் ஷஃபான் மாதத்திலேயே பள்ளிவாசலில் எடுத்துரைப்பது ஜமாஅத்தின் பணியன்றோ? நோன்பு நோற்க இயலாதவரைக் காரணம் கேட்டு வருத்தாதிருப்பதும் ஓர் உதவியே.

கற்பது நோயாளியின் தனிக்கடமை. கற்பிப்பதும் துணைநிற்பதும் பர்ளு கிபாயா போன்ற கூட்டுக் கடமை என்றே நாம் கருதுகிறோம். சிலர் செய்தால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிடில் எல்லோரும் பொறுப்பாளிகளே. ஏரியில் வலையிறக்கும் உரிமையைப் "பாடு" என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் கோட்டைக்குப்பத்தில் தலைமுறைகளாக உண்டு. நீரைப் பங்கிடத் தெரிந்த ஊருக்கு அறிவையும் ஆதரவையும் பங்கிடுவது அரிதாகுமா? இன்று ஒருவர் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். நாளை மற்றொருவர் அவரோடு மாலையில் நடக்கட்டும்.

அதைச் செய்த பின்னரும் ஒருவர் கேளாதிருந்தால், அப்போது தீர்ப்பைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை, "சொன்னதைக் கேட்கவில்லை" என்று கூறுமுன், சொன்னோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.