இல்லாமையும் மறைப்பும்: இதயம் மீண்டும் வளராததைப் பற்றி

ஓர் உயிரிடம் ஓர் ஆற்றல் காணப்படவில்லை என்றால், அதைக் குறையாகக் கொள்வதா, அதன் இயல்பே அவ்வளவுதான் என்று கொள்வதா என்னும் கேள்விக்கு அரிஸ்டாட்டில் தம்முடைய ‘வகைமைகள்’ என்னும் நூலில் ஓர் அளவுகோலை வகுத்தார். பிறக்கும்போதே பல்லும் பார்வையும் இல்லாத சில உயிர்களை யாரும் பொக்கைவாய் என்றோ குருடு என்றோ சொல்வதில்லை. எது இயல்பாக இருக்க வேண்டுமோ, அது இருக்க வேண்டிய காலத்தில் இல்லாமற்போனால் மட்டுமே அந்த இல்லாமை இழப்பாகும் என்பது அவர் கருத்து. உடைமையிலிருந்து இழப்புக்குச் செல்ல வழி உண்டு, இழப்பிலிருந்து உடைமைக்குத் திரும்ப வழி இல்லை என்றும், குருடானவர் மீண்டும் பார்வை பெறுவதில்லை என்றும் அவர் அங்கேயே சேர்த்துச் சொன்னார்.

மாரடைப்பில் மடியும் தசைச் செல்களுக்கு ஈடாகப் புதிய செல்களைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாமல், அந்த இடத்தைத் தழும்பால் மூடிவிடும் மனித இதயம் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது? வரிக்குதிரை மீனின் இதயக் கீழறையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் அது மீண்டும் வளர்ந்துவிடுகிறது என்று 2002இல் காட்டப்பட்டது. பிறந்து ஒரு நாளான சுண்டெலியின் இதயமும் அவ்வாறே வளர்கிறது என்றும், ஏழாம் நாளுக்குள் அந்தத் திறன் போய்விடுகிறது என்றும் 2011இல் தெரியவந்தது. மனிதரைப் பொறுத்தவரை, அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன்-14ஐ அளவுகோலாகக் கொண்டு செய்யப்பட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு, 25 வயதில் இதயத்தசைச் செல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடே புதுப்பிக்கப்படுகிறது என்றும், 75 வயதில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்றும் கணக்கிட்டது. அறவே இல்லை என்று சொல்ல முடியாத, போதும் என்றும் சொல்ல முடியாத இந்தச் சிறு அளவே சிந்தனைக்கு உரியது.

ஏழு நாளில் அந்தத் திறன் எங்கே போயிற்று என்பதற்கு ஒரு பகுதி விடையை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் நுண்மூலக்கூறுகள் தருகின்றன. இவற்றில் முதலாவதை விக்டர் ஆம்ப்ரோஸின் குழு 1993இல் ஓர் உருளைப்புழுவில் கண்டது. அது செயல்படும் முறையை கேரி ருவ்குனின் குழு அப்போதே விளக்கியது. 2024இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ 22 எழுத்து நீளமே கொண்ட இந்த இழை எந்தப் புரதத்தையும் உண்டாக்குவதில்லை. மரபணுவின் கட்டளையைச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ.வில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, அந்தக் கட்டளை புரதமாக மாறாமல் அடக்கிவிடுவதே அதன் தொழில். சுண்டெலி பிறந்த சில நாள்களில் அதன் இதயத்தில் மிகுந்துவிடும் மிர்-15 குடும்பம், செல் பிரிவுக்கு வேண்டிய பல மரபணுக்களை இவ்வாறு அடக்குகிறது. அக்குடும்பத்தைத் தொடக்கத்திலிருந்தே தடுத்து வளர்த்த சுண்டெலிகளுக்குப் பின்னாளில் மாரடைப்பு உண்டாக்கியபோது, தசைச் செல்கள் கூடுதலாகப் பிரிந்தன, இதயத்தின் இயக்கமும் மேம்பட்டது. எதிர்த்திசையில், மிர்-199ஏ, மிர்-590 ஆகியவை அப்பிரிவைத் தூண்டுகின்றன என்பதை இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரிலிருந்து மௌரோ ஜாக்காவின் குழு 2012இல் வெளியிட்டது.

இங்கே அரிஸ்டாட்டிலின் அளவுகோல் தடுமாறுகிறது என்றே சொல்ல வேண்டும். வளர்ந்த இதயத்தின் இயலாமையில், ஆற்றலின் கட்டளைகள் அழியாமல் இருக்க, அவற்றின் மேல் ஒரு தடை அமர்ந்திருக்கிறது. இத்தகைய நிலையை எண்ணிப் பார்க்கச் சைவ சித்தாந்தத்தில் ஒரு கருவி உண்டு. உயிரின் அறிவையும் செயலையும் ஆணவ மலம் மறைக்கிறதே அன்றி அழிப்பதில்லை என்று கூறும் அத்தத்துவம், இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலையும் ஒன்றாக வைத்து, உயிர் பக்குவப்படும் வரை நிகழும் அந்த மறைப்பையும் அருளின் வகையாகவே கொள்கிறது. மூலக்கூறுக்கு நோக்கம் இல்லை, சித்தாந்தம் உயிரணுவைப் பற்றிப் பேசவும் இல்லை. முன்னோர் இதை அன்றே அறிந்திருந்தனர் என்று உரிமை கொண்டாடுவது இரண்டு அறிவுக்கும் இழைக்கும் அநீதி. ஆயினும், மறைக்கப்பட்டிருப்பதும் இல்லாதிருப்பதும் வேறு, மறைப்பு அந்த உயிருக்கு நன்மையாகவும் அமையலாம் என்னும் இரண்டு எண்ணங்களும் இங்கே மெய்யாகவே உதவுகின்றன.

அந்த இரண்டாம் எண்ணத்தின் கனத்தை 2019இல் வெளியான பன்றி ஆய்வு உணர்த்தியது. மாரடைப்பு உண்டாக்கப்பட்ட பன்றிகளின் இதயத்தில் மிர்-199ஏவை ஒரு வைரஸ் ஊர்தியின் வழியே செலுத்தியபோது, ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியது, தசை மிகுந்தது, இதயம் சுருங்கி விரியும் வலிமையும் கூடியது. ஆனால், ஊர்தி உள்ளேயே தங்கி அந்த ஆர்.என்.ஏ.வை ஓயாமல் ஆக்கிக்கொண்டிருந்ததால், முழுமையாக முதிராத செல்கள் தசைக்குள் பரவ, பெரும்பாலான பன்றிகள் இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று இறந்தன. இதயத்தின் செல்கள் அனைத்தும் ஒரே மின்துடிப்புக்கு ஒருமித்துச் சுருங்க வேண்டும் என்பதால், அங்கே முதிராத ஒரு செல்கூட்டமே துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கப் போதும். வளராமல் இருத்தல் என்பது, வாழ்நாள் முழுதும் நில்லாமல் துடிப்பதற்கு அவ்வுறுப்பு கொடுத்துவரும் விலையாக இருக்கலாம்.

இதனால் மாரடைப்பு வந்தவரின் இழப்பு இழப்பல்ல என்று ஆகிவிடாது. அவருடைய மூச்சிரைப்பை இயற்கையின் ஏற்பாடு என்று கூறி அமைதி காண்பது கொடுமை. அரிஸ்டாட்டில் வலியுறுத்திய ‘இருக்க வேண்டிய காலம்’ என்பதே இங்கு மீண்டும் முதன்மை பெறுகிறது, ஆனால் அதை வரையறுக்கும் பொறுப்பு இப்போது இயற்கையிடமிருந்து மனிதர் கைக்கு வந்திருக்கிறது. நிரந்தரமாகத் தங்கும் வைரஸ் ஊர்தியை விட்டு, நாளடைவில் கரைந்துவிடும் செயற்கை ஆர்.என்.ஏ.வை ஒரே முறை இதயத்தில் செலுத்திச் சுண்டெலிகளில் பலன் கண்டவர்கள், தடையை எத்தனை நாள் விலக்கி வைப்பது என்னும் கணக்கையே இன்று நாடுகின்றனர்.