காணாக் கொடை: நீண்டகரை மீன்வளத் திட்டத்தை முன்வைத்து

பரிசில் வேண்டி வந்த பெருஞ்சித்திரனாரை நேரிற் காணாது பொருளை மட்டும் அனுப்பி வைத்தான் அதியமான் நெடுமான் அஞ்சி. புலவர் அதனை ஏற்க மறுத்தார். புறநானூற்றின் 208ஆம் பாடல் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறது. பொருள் குறைந்தது என்பதன்று அவர்தம் மனக்குறை. தம்மை இன்னார் என அறியாமல் தரப்பட்டது என்பதே. இதனைப் புலவரின் பெருமிதம் என்று விளக்கி மேற்செல்வது நம் வகுப்பறை வழக்கம். எனினும் இதனுள் ஓர் அறவினா அடங்கியுள்ளது. பெறுவோனைக் காணாமல் தருவது கொடையாகுமா? வளர்ச்சியின் பொருட்டு ஓர் அரசு மற்றோர் அரசுக்கு வழங்கும் நிதியுதவி முழுவதும் இவ்வினாவுக்கு உட்பட்டதே எனலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் திருக்குறளின் ‘ஈகை’ அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, விழிஞ்ஞம் பகுதியிலிருந்து வந்த மாணவர் ஒருவர், “எங்கள் கடலுக்கு வந்ததும் ஈகைதானா ஐயா?” என வினவினார். அன்று விடை சொல்ல இயலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவில், அட்டமுடிக் காயல் கடலோடு கலக்குமிடத்தில் உள்ளது நீண்டகரை. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அன்றைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் இக்கரையோரச் சிற்றூர்களில் மீன்வளத் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. நார்வே பிறநாடொன்றுக்கு அளித்த முதல் வளர்ச்சியுதவி இதுவே. உலகப் போரில் ஜெர்மனியின் பிடிக்குள் கிடந்து, பின்னர் அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவியால் நிமிர்ந்துகொண்டிருந்த நாடு அது. நேற்றுப் பெற்றவர் இன்று தருபவராயினர் என்பது நோக்கத்தக்கது. நாடாளுமன்றம் ஒதுக்கிய நிதியோடு பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையும் சேர்ந்தது. அதன் நோக்கங்களில் ஐயுறத்தக்கது எதுவுமில்லை: மீனவர் வருவாயை உயர்த்துதல், நல்ல மீனை மக்களிடம் கொண்டு சேர்த்தல், உடல்நலமும் வாழ்க்கைத் தரமும் பேணுதல். மருத்துவ நிலையம், குடிநீர், பனிக்கட்டி ஆலை, படகு கட்டும் தளம் ஆகியன எழுந்தன.

இதனைக் காணாக் கொடை என்று எளிதில் தள்ளிவிட முடியாது. நார்வே நாட்டவர் இங்கு வந்து தங்கினர். மானிடவியலாளர் ஆர்னே மார்ட்டின் கிளாவுசன் அம்மீனவரையும் திட்டத்தையும் ஆராய்ந்து 1968இல் நூலே எழுதினார். கண்டுதான் கொடுத்தனர், ஆனால் எவரைக் கண்டனர் என்பதிலேயே சிக்கல் உள்ளது.

விசைப்படகு வந்தது; 1960களில் இழுவைமடியும் பரவியது. உலர்த்திப் பர்மாவுக்கு அனுப்பப்பட்டு வந்த மலிவுச் சரக்காகிய இறால், பனிக்கட்டியில் உறைந்து அமெரிக்கச் சந்தைக்குச் சென்றது. ஏழைக்கு மீன் என்று தொடங்கிய திட்டம், அயல்நாட்டுச் செலாவணிக்கு இறால் என்று முடிந்தது. நீண்டகரையில் பலர் வாழ்ந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. மீன்பிடித் தொழிலோடு தொடர்பற்ற முதலீட்டாளரும் படகு வாங்கினர். கட்டுமரத்தையும் வள்ளத்தையும் நம்பியிருந்தோரின் கரைக்கடலில் இழுவைப் படகுகள் புகுந்தன, வலைகள் அறுபட்டன. பூந்துறை, விழிஞ்ஞம், அஞ்சுதெங்கு முதலிய ஊர்களின் மீனவர் அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவரும் அல்லர். அதன் மருத்துவ நிலையத்தில் மருந்து பெற்றவரும் அல்லர். அதன் விளைவை மட்டும் பெற்றனர். போராட்டங்களுக்குப் பின்னர் 1980இல் கடல் மீன்பிடி ஒழுங்காற்றுச் சட்டமும், 1988இல் மழைக்கால இழுவைமடித் தடையும் வந்தன. இன்று அத்தடை ஆண்டுதோறும் 52 நாள்கள் நீடிக்கிறது.

இத்தீங்கிற்குக் கொடையாளர் பொறுப்பாவாரா? திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜான் குரியன் 1985இலேயே இத்திட்டத்தின் விளைவுகளை விரிவாக மதிப்பிட்டுள்ளார். இறால் ஏற்றுமதியை ஊக்குவித்தது நம் அரசே; கரைக்கடலில் எல்லை வகுக்கக் காலம் தாழ்த்தியதும் நம் அரசே. ஆகவே பெரும்பங்குப் பழி இங்குதான் தங்கும் என்பது என் கருத்து. ஆயினும் தான் தந்த கருவி யார் வாழ்வை அறுக்கும் என்று வினவாத கொடையாளரும் முற்றிலும் குற்றமற்றவர் ஆகார். மூன்று ஊர்களைக் கண்டவர் கடலைக் காணவில்லை. மீனுக்கு ஊரெல்லை கிடையாது என்பது கரையில் நிற்கும் சிறுவனும் அறிந்த செய்தி.

கொடையை மறுப்பதிலும் இதே சிக்கல் எழுகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அயல்நாட்டரசுகள் தர முன்வந்த நிதியை இந்திய அரசு ஏற்கவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடைப்பிடிக்கப்படும் கொள்கையைக் காரணமாகக் காட்டியது. இரத்தலின் இழிவைப் பேசும் ‘இரவச்சம்’ அதிகாரத்தை நன்கறிந்த நமக்கு இம்மானவுணர்வு புரியாததன்று. ஆனால் பெருஞ்சித்திரனார் மறுத்தபோது பசித்த வயிறும் அவருடையதே, மறுத்த வாயும் அவருடையதே. 2018இல் முகாமில் இருந்தோர் இரக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இரண்டையும் அவர்பொருட்டு வேறொருவர் செய்தார். அதே நாள்களில் திருவனந்தபுரம், கொல்லம் கரைகளிலிருந்து மீனவர் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிச்சென்று, செங்கன்னூர் முதலிய இடங்களில் நீரில் சிக்கியோரை மீட்டனர். எவரும் ஒப்பந்தம் எழுதவில்லை. அழைத்த குரல் எந்த வீட்டுக் கூரையிலிருந்து வந்ததோ அங்கே படகு சென்றது.

இன்று இந்தியாவும் தரும் நாடாகியுள்ளது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின் இந்திய அரசு நிதியால் கட்டப்பெற்ற வீடுகளுட் பெரும்பாலானவற்றில், பணம் தவணைகளாகப் பயனாளியிடமே வழங்கப்பெற்றது. வீட்டை அவரே கட்டிக்கொண்டார். கண்டு கொடுத்தல் என்பதற்கு இது அணித்தாக வருகிறது எனலாம். மலையகத் தோட்டத் தொழிலாளர்க்கு முதலில் 4,000 வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. அங்கே தொழிலாளிக்கென்று சொந்த நிலம் இல்லை. தன் வீடு எங்கே அமைய வேண்டும் என்று அவரிடம் யார் கேட்டனர் என்பது தனியாய்வுக்குரியது.