கடித்தது யார்?

தியாகதுருகத்தில் அம்மா தனியாக இருக்கிறாள். துணைக்கு ஆச்சு என்று போன தடவை கொளத்தூரில் ஒரு மீன்தொட்டி வாங்கிக்கொண்டு போனேன். விசிறி மாதிரி வாலோடு நாலு கப்பி, கறுப்புப் பட்டை போட்ட ரெண்டு டைகர் பார்ப். 'இது ரெண்டையும் ஒண்ணா விடாதீங்க சார்' என்றார் கடைக்காரர். விரலளவு மீன், என்ன பெரிய சண்டை போட்டுவிடும் என்று நான் காதில் வாங்கவில்லை.

மூணாம் நாள் போன். "டேய், அந்தப் பட்டை போட்டது எல்லார் வாலையும் கடிச்சு வெச்சிருக்குடா. ஒண்ணு செத்து மிதக்குது."

"ரவுடி மீன்மா அது. தூக்கி வெளியே போடு."

"அது என்னடா பண்ணும்? அதுவா வந்து தொட்டியில குதிச்சுது?"

என்னிடம் பதில் இல்லை.

டைகர் பார்ப் சுமத்ரா பக்கத்து ஓடைகளில் கூட்டமாகத் திரிகிற மீன். ஆறேழு இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொண்டு, யார் பெரியவன் என்று பைசல் பண்ணிக்கொள்ளும். ரெண்டே ரெண்டாக விட்டால் அந்த வேகம் பக்கத்தில் இருப்பவன் மேல் திரும்பும். கப்பிக்கு ஊர் தென் அமெரிக்கா. அதன் நீள வாலும் நம் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று மனிதன் வளர்த்துவிட்டது. அதை இழுத்துக்கொண்டு வேகமாகத் தப்ப முடியாது. ஆயுசுக்கும் சந்தித்திருக்க வேண்டாத ரெண்டு பேரைச் சந்திக்க வைத்தது ரெண்டடிக் கண்ணாடியும் என் பர்ஸும்தான்.

குற்றம் என்று சொல்ல வேண்டுமானால், வேறு மாதிரி நடந்துகொள்ள ஒரு வழி இருந்திருக்க வேண்டும். மீனுக்கு அது இல்லை; எனக்கு இருந்தது. நான் பி.காம். எந்த நஷ்டத்தையும் ஒரு கணக்கில் எழுதியே ஆக வேண்டும். இது என் கணக்கு.

மனுஷன் மீன் இல்லை. கடிக்காமல் இருக்க அவனால் முடியும். அதனால் கடித்தவனின் பொறுப்பு போய்விடாது. ஆனால், 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று சேர்த்து வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறோமே, நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ஒத்துவராத மீனைச் சிலர் ஏரியில் விட்டுவிட்டு, விடுதலை கொடுத்ததாக நினைக்கிறார்கள். பாசி தின்னும் என்று வாங்கப்பட்ட தென் அமெரிக்க சக்கர் மீன் அப்படித்தான் நம் ஏரிகளுக்குள் வந்து, இன்று மீனவர் வலையைக் கிழிக்கிறது. தப்பைப் பெரிய தொட்டிக்கு மாற்றி எழுதினால் அது சரியாகிவிடாது.

டைகர் பார்ப்களைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவைச் சென்னைக்கு, எங்கள் ரெண்டு ரூம் ஃபிளாட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்று நானும் மனைவியும் பேசி முடிவு செய்து ஒரு மாசம் ஆகிறது.

அம்மாவை இன்னும் கேட்கவில்லை.